பயணிகளுக்கு முன்னால் குதித்தவள்

நீச்சல்குளத்தின் ஓரத்தில் பாதி விமானம் நின்றது. இறக்கை கிடையாது, வால் கிடையாது. பதினெட்டு இருக்கைகள், இரண்டு கதவுகள், கதவைத் திறந்தால் நேரே தண்ணீர். விமானப் பணிப்பெண் பயிற்சியில் எங்களுக்கு அதுதான் கடைசிச் சோதனை. பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன, விமானம் கடலில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். கூடப் படித்த பெண்கள்தான் பயணிகள். பின்கதவு என் பொறுப்பு. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் நான் இறங்க வேண்டும். இரண்டே வாய்ப்புகள். இரண்டிலும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

எனக்குப் பயமே இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி முடியும்வரை ஒரு பாடத்தில்கூடத் தோற்றதில்லை. நீச்சலோ, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிணற்றில் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு கற்றது. சென்னைப் பெண்கள் குளத்தைப் பார்த்து நடுங்கியபோது நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒலிபெருக்கி 'டமார்' என்றது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, மூக்கில் ஏறிய குளோரின் நெடி. கதவை எப்போது திறந்தேன், எப்போது குதித்தேன், ஒன்றும் தெரியாது. தலையைத் தூக்கிப் பார்த்தால், கதவு வழியாகப் பயணிகள் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

"எங்களை விட்டுட்டு எங்கடி போன?" என்றாள் ஒருத்தி.

"அப்போ காபி யாரு குடுப்பா?" என்றாள் இன்னொருத்தி.

பயிற்சி தந்த மேடம் குளத்தின் விளிம்புக்கு வந்து குனிந்தார். "இத்தனை வருஷத்துல பயணிகளுக்கு முன்னாடி குதிச்ச முதல் ஆள் நீதாம்மா."

'முதல் ஆள்' என்றால் எனக்குப் பிடிக்கும். அன்று மட்டும் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். தேர்வுக்கு முன்பே தெரு முழுக்க, "எம் மக ஏரோப்ளேன்ல வேலை பாக்கா" என்று சொல்லி முடித்திருந்தாள் அவள்.

"தோத்துட்டேம்மா. பறவ மோதி ஏரோப்ளேன் விழுற மாதிரி சத்தம் போட்டாங்க, கேட்டதும் ஓடிட்டேன்."

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"பெறகு என்ன? சரியாத்தான ஓடியிருக்க!"

அம்மா பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவள். அங்கே அறைக்கு நாலு பேர்தான், ஓடுவதற்குச் சுற்றிலும் வாசல். சத்தம் கேட்டால் கிட்ட இருக்கும் வாசல் வழியாக ஓட வேண்டும். யாரையும் தேடக் கூடாது, செருப்பை எடுக்கக் கூடாது. எங்கள் தெருவில் குக்கர் விசில் கொஞ்சம் மாறி அடித்தாலே பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். என் தலை கல்லூரிக்குப் போனது. கால்கள் தெருவிலேயே படித்தவை.

"ஆமா, என்ன பறவ மோதுச்சாம்?" என்றாள் அம்மா.

"கொக்கு, பருந்து, ஏதோ ஒண்ணு."

"கொக்கு மோதி ஏரோப்ளேன் விழுமா? வெடி போட்டு வெரட்ட மாட்டாகளா?"

"ஏர்போர்ட்ல வெடி போடத்தான் செய்றாங்க."

அம்மாவின் குரல் சட்டென்று மாறியது. "அந்த ஆர்டர எந்தக் கம்பெனி எடுக்கு?"

அழுவதற்காகப் போன் செய்தவள் விக்கல் வரும்வரை சிரித்தேன்.

மறுநாள் கதவுக்குப் பக்கத்துக் கைப்பிடியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். 'டமார்!' கால்கள் ஓடத்தான் ஓடின. கை விடாததால் நின்ற இடத்திலேயே ஓடின. மனப்பாடம் செய்த இங்கிலீஷ் கட்டளை ஒன்றாவது வர வேண்டுமே!

"தலையக் குனிங்க! ஒருத்தரும் எந்திரிக்காதீக!"

பதினெட்டுத் தலைகளும் குனிந்தன. ஜன்னல் வழியாகத் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று பார்த்தேன். கதவைத் திறந்தேன்.

"லைஃப் ஜாக்கெட்டுக் கயித்த இப்ப இழுக்காதீக, வாசலுக்கு வந்து இழுங்க! வாங்க, வாங்க, சட்டுனு வாங்க!"

"இலை போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி தண்ணீரில் விழுந்தாள். அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ் மெதுவாக வந்து சேர்ந்தது. கடைசிப் பெண்ணும் குதித்ததும் காலி இருக்கைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. பிறகு குதித்தேன். அப்படியொரு குதியை அதற்குமுன் நான் குதித்ததே இல்லை.

மேடம் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். "முதல்ல இங்கிலீஷ் வரணும். அப்புறம்தான் உங்க ஊர் பாஷை."

"சரிங்க மேடம்."

"பாஸ்."

நான் போன் செய்தபோது அம்மா வேலை முடிந்து கம்பெனி வேனில் இருந்தாள்.

"பாஸாயிட்டேம்மா! அம்புட்டுப் பேரையும் அனுப்பிட்டுக் கடைசியா வந்தேன்!"

"ஏ, எம் மக பாஸு!" என்று வேனுக்கே கேட்கக் கத்தினாள். "கடைசியா வந்தாளாம்!"

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "கடைசியா வந்ததுக்கா மதினி இந்தக் கூப்பாடு போடுதீக?"

"இரு, சொல்லுதேன் கேளு."

நான் போனில் இருப்பதையே மறந்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல விமானம் நிஜக் கடலில் விழுந்தது, பயணிகள் இருநூறு பேர் ஆனார்கள், அலை பனைமர உயரத்துக்கு எழும்பியது. நான் ஒன்றையும் திருத்தவில்லை.