பிறக்க முதல் பின்னிய சட்டை

கிளினிக்கில் பிறசர் பார்க்க என் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்த தாதி, முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடியும் அடித்துப் பார்த்தாள். "அம்மா, வீட்டில சும்மா இருக்கேக்குள்ள என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டாள். "யோசிக்கிறனான்" என்றேன். "அதை விட்டிட்டுக் கைக்கு ஏதும் வேலை குடுங்கோ. பூக்கண்டு வையுங்கோ, இல்லாட்டி ஏதும் பின்னுங்கோ. மனம் ஆறும்" என்றாள். பூக்கன்று வைக்கட்டாம்! எங்கள் வளவுக் கிணறு உவர். தப்பித் தவறி ஒன்று துளிர்த்தாலும் தெருக் கழுதைகள் விட்டுவைக்குமா? அதனால் பின்னலுக்கு வந்தேன்.

கொன்வென்ற் படிப்பில் தையல் பாடத்தோடு கொஞ்சம் பின்னத் தெரியும். மிச்சத்தை ஃபோனில் வீடியோ பார்த்துப் பிடித்துக்கொண்டேன். பசாரில் நூல் கடை வைத்திருப்பவர் எருக்கலம்பிட்டி ஆள். வாய் சும்மா இராது. கம்பளி நூல் கேட்டதற்கு, "என்ன அக்கா, மன்னாருக்குப் பனி கொட்டப் போகுதோ?" என்றார். "கொட்டினா உங்களுக்கும் ஒரு தொப்பி பின்னித் தாறன், இப்ப நூலை எடுங்கோ" என்றேன்.

பின்னியதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் சட்டைதான். பெரியவர்களுக்குப் பின்ன எனக்குப் பொறுமை கிடையாது. அதிலும் வெறும் பின்னல் என்றால் அலுப்பு. சடை முறுக்கி எழும்ப வேண்டும், ஓலைப்பெட்டி இழைத்த மாதிரி மேலும் கீழுமாய் ஓட வேண்டும், நடுவே மொட்டு மொட்டாய்ப் புடைத்து நிற்க வேண்டும். ஒரு மொட்டு வைப்பதென்றால் ஒரே கண்ணிக்குள் பல கண்ணி எடுத்து, திருப்பித் திருப்பிப் பின்னி, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர்க்க வேண்டும். அந்த நேரம் வேறு யோசனை ஓடாது. முடித்ததைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். பிறசரும் கொஞ்சம் இறங்கியது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு மஞ்சள் சட்டை பாதியில் கிடந்தபோதுதான் என் தங்கச்சி வந்தாள். இலுப்பைக்கடவையில் கட்டிக்கொடுத்தவள். முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே போய்விட்டன. இது மூன்றாவது. ஏழாம் மாதம் தொடங்கியதும், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கட்டும் என்று நான்தான் அழைத்து வந்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிறக்காத பிள்ளைக்குப் புதிதாய் ஒன்றும் வாங்குவதில்லை, தைப்பதுமில்லை. பழைய சேலையைக் கிழித்துத் தோய்த்து வைப்போம். மற்றதெல்லாம் பிள்ளை கைக்கு வந்த பிறகுதான். முன்கூட்டி ஆசைப்பட்டால் பிள்ளை தங்காது என்று பயம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நாங்கள் இந்த விஷயத்தில் மட்டும் பங்குச் சுவாமி சொன்னாலும் கேட்க மாட்டோம்.

தங்கச்சி பையை இறக்கி வைத்ததும் கதிரையில் கிடந்த மஞ்சள் சட்டையைக் கண்டாள். முகம் செத்துப்போனது.

"அக்கா, இது ஆருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லையடி. பிறசருக்குப் பின்னுறன்."

"உண்மையாவோ?"

"தேவபாலனுக்கெண்டு வையன். நத்தாருக்குக் கோயில் குடில்ல போடுவம்."

"பாலனுக்கு இவ்வளவு பெரிய சட்டையோ?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். "நீ என்ன, பாலனை டேப் வச்சு அளந்தனியோ?" என்று கத்திவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

சத்தியமாக, அந்தச் சட்டையை நான் யாரையும் நினைத்துத் தொடங்கவில்லை. ஆனால் அவள் கேட்ட நேரத்திலிருந்து அது அந்தப் பிள்ளையின் சட்டையாகிவிட்டது. அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பூட்டியும் யோசனை விடவில்லை. பிரித்துவிடுவோமா? பிள்ளைக்கென்று ஆனதைப் பிரிப்பது இன்னும் கூடாதோ? பாதியில் கிடப்பதும் கூடாதோ? கடைசியில், அவள் பகலில் கண்ணயரும் நேரம் பார்த்துக் குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் பின்னி முடித்தேன். மிஞ்சிய நூலில் ஒரு தொப்பியும் போட்டேன். மனம் ஆறத் தொடங்கிய வேலையைக் கள்ளி மாதிரி ஒளித்திருந்து செய்தேன், பாருங்கள்.

ஒருநாள் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தங்கச்சி கோப்பையை வைத்துவிட்டு, "அக்கா, நோகுது" என்றாள். நாள் வர இன்னும் எவ்வளவோ கிடந்தது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். மத்தியானத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. என் முழங்கை நீளம்கூட வராது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பிள்ளை தப்புமோ என்று கேட்டதற்கு டொக்டர் "பாப்பம்" என்றார்.

அங்கே நின்ற தாதி வெளியே வந்து, "பிள்ளையின்ர தொப்பி, மேசு எங்க?" என்று கேட்டாள். பையைத் திறந்தேன். பழைய சேலைத் துண்டுகள்தான் இருந்தன. "இதென்னம்மா, காலில போடுற மேசுகூட இல்லையோ? இந்தப் பிள்ளைக்கு உடம்புச் சூடு போகக் கூடாது" என்று ஏசினாள். ஓட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி, அலுமாரியைத் திறந்து, மஞ்சள் தொப்பியையும் சட்டையையும் கொண்டுவந்து நீட்டினேன். அவள் தொப்பியை விரலுக்குள் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா கட்டி கட்டியா இருக்கு, கம்பளி வேற. இந்தப் பிள்ளையின்ர தோல் தாங்காது. பருத்தி நூலில வெறுமனே பின்னிக்கொண்டு வாங்கோ." அதுவரைக்கும் போட அவர்களிடமிருந்த ஒரு தொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செய்தி கேட்டு ஓடி வந்த தங்கச்சியின் மனுசன் பருத்தி நூல் வாங்கிவர, ஆஸ்பத்திரி விறாந்தையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பின்னினேன். சடையில்லை, மொட்டில்லை. கொன்வென்றில் முதல் நாள் பழகிய பின்னல். அதுகூட வரவில்லை. கண்ணி கண்ணியாய் நழுவியது. என் ஊசிதான் பிள்ளையை முந்தி இழுத்துவிட்டதோ? அப்படி ஒன்றுமில்லை என்று புத்தி சொன்னது. கை கேட்கவில்லை. தங்கச்சி ஏசியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

சில நாள் கழித்து, பிள்ளைக்குப் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு மெல்ல நடந்து வந்து வாங்கில் என் பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, அந்த மொட்டு வச்ச சட்டை எங்க?"

"திரும்பவும் வீட்டில ஒளிச்சு வச்சிட்டன். உனக்குத் தெரியாமப் பின்னி முடிச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளடி."

"அது சின்னன். பெரிசா ஒண்டு பின்னுங்கோ. ஒரு வயசுக்குப் போடுற மாதிரி."

"உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ?" பயத்தில் என் குரல் ஏறிவிட்டது. "பிள்ளை முதல் வீட்டை வரட்டும். பிறகு பாப்பம்."

அவள் என் மடியில் கிடந்த நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முந்தின ரெண்டுக்கும் நாங்கள் ஒண்டும் செய்யேல்லைத்தானே அக்கா. ஒரு துண்டுத் துணி வாங்கேல்லை. ஒரு பேர்கூட யோசிக்கேல்லை. அதுகள் ஒண்டுமே இல்லாமத்தான் போனதுகள்."

அழுதேன். அவள் அழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன நிறத்தில வேணும்?" என்று கேட்டேன். "பச்சை" என்றாள்.

இதை எழுதும் இன்றும் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்தான். டொக்டர் இன்னும் "பாப்பம்" என்றுதான் சொல்கிறார். எனக்குப் பிறசர் திரும்பவும் ஏறிவிட்டது. சட்டையின் முதுகுப்பக்கம் முடிந்து, முன்பக்கத்தில் மொட்டு வைக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்துவிட்டு வந்ததும் தங்கச்சி அதை வாங்கித் தன் நெஞ்சின் குறுக்கே விரித்துப் பார்க்கிறாள். "இன்னும் கொஞ்சம் அகலமா வேணும் அக்கா, அவள் வளருவாள்" என்கிறாள்.