விளக்கு வைத்த பின் கேட்ட நெருப்பு

என் அம்மா ராக்கம்மாளும் பக்கத்துத் தெரு செபஸ்தியம்மாளும் ஒரே வயலில் நாற்று நடுகிறார்கள், ஒரே வாய்க்காலில் துணி துவைக்கிறார்கள். பேசிக்கொள்வது மட்டும் இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது நின்ற பேச்சு, பி.ஏ. முடித்து ஊர் திரும்பிய பிறகும் நின்றபடியே இருக்கிறது. காரணம் கேட்டால் அம்மா, "உனக்கு எதுக்கு அது?" என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். கடைசியில் எனக்குச் சொன்னது செபஸ்தியம்மாள்தான். கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் வேதக்காரத் தெருவில் இருந்தாலும் அவளை நான் அத்தை என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தேன்.

அவள் புருஷன் மரிய ஜோசப் வண்டிக்காரர். கூடலூர் வழியாகக் குமுளி மேட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றிப்போய், வரும்போது மிளகு ஏற்றி வருவார். மாட்டை ஒரு அடி அடித்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் சாராயக்கடையைத் தாண்டி வீட்டுக்கு வந்த நாட்களில் தார்க்குச்சி அத்தையின் முதுகில்தான் விழும்.

அப்படி ஒரு சாயங்காலம் அவள் வாசலுக்கு ஓடிவந்திருக்கிறாள். எங்கே போகிறாய் என்று பின்னாலிருந்து அவர் கத்த, வாயில் வந்தது, "நெருப்பு வாங்கப் போறேன்" என்பதுதான். தீப்பெட்டியைச் சிக்கனமாகப் பார்த்த காலம். ஒரு வீட்டு அடுப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சிரட்டையில் கங்கு வாங்கிப் போவது வழக்கம். ஆனால் விளக்கு வைத்த பிறகு எங்கள் பக்கம் யாரும் நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். கொடுத்தால் வீட்டு லட்சுமி போய்விடும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். வேதக்காரத் தெருவிலும் அந்த வழக்கம்தான். போதையில் அவருக்கு இது உறைக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் வெறுங்கையோடு நின்று நெருப்புக் கேட்டவளை அம்மா ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அதன்பின் அது இரண்டு தெருப் பெண்களுக்கும் வழியாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு ஒருத்தி வந்து நெருப்புக் கேட்டால் வேறு பேச்சு வேண்டாம். பிள்ளைகளுக்குக் கஞ்சி, படுக்கப் பாய், அழுவதற்கு ஓர் அடுப்படி. அழுகை மட்டும் என்றும் சொல்ல முடியாது, தங்கள் புருஷன்மார் தள்ளாடுவதை நடித்துக் காட்டி அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் அப்பா குடிக்காதவர், அதிகம் பேசாதவர். ஆள் வந்த நாளில் கயிற்றுக் கட்டிலை வாசலை மறித்துப் போட்டுப் படுத்துக்கொள்வார். அவ்வளவுதான் அவர் பங்கு. என் பாயில் வந்து படுத்த பிள்ளைகளை விளையாட வந்தவர்கள் என்றே நினைத்திருந்தேன். பெண்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு: கேட்கும் விதம் எந்த ஆம்பளைக்கும் தெரியக்கூடாது. அப்பாவுக்கே தெரியாது.

ஒரு தவக்காலத்தில் மரிய ஜோசப் கோயிலில் பீடத்தைத் தொட்டு இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். சொன்னபடியே இருந்தார். குருத்து ஞாயிறு போய், பெரிய வெள்ளி போய், ஈஸ்டரும் போனது. வண்டியை அவிழ்த்ததும் நேரே வீட்டுக்கு வந்தார். அத்தைக்கு வளையல் வாங்கி வந்தார். ஒருநாள் அவள் முதுகுத் தழும்பைத் தடவிப் பார்த்து, இத்தனை அடியை எப்படித் தாங்கினாய் என்று கேட்டு அழுதிருக்கிறார்.

"அவுக அழுதாக. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. என்னைத் தாங்குன வீட்டையெல்லாம் அவுகளும் கும்பிடணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கடைச் சாமான் ஏற்றிப்போனவர் குடித்துவிட்டுத் திரும்பினார். மறுநாள் எங்கள் ஊர்ச் சாராயக்கடையில், நெருப்புக் கேட்கும் கதையை நடித்துக் காட்டியிருக்கிறார். கடையே சிரித்ததாம். அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு, எங்கள் தெரு மாயக்காள் நெருப்பு வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்திருக்கிறாள். அவள் புருஷன் மலைச்சாமி, "நீ ஏன் அலையிற?" என்று மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டிருக்கிறார். மாயக்காளின் வலது கை இன்றுவரை நேராகவில்லை. நாற்றை இடக்கையால்தான் நடுகிறாள்.

மறுநாள் வாய்க்காலில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் வாய் என்று கேள்வி வந்ததும் செபஸ்தியம்மாள், "நாந்தான்" என்றாள். கடையில் நடித்துக் காட்டியது யார் என்று பெண்களுக்கு அதுவரை தெரியாது; மறைத்திருக்கலாமே என்று நான் சொன்னேன். அதற்கு அவள் அன்று அம்மா சொன்னதை மட்டும் ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள்.

"ஏ செபஸ்தி, உம் புருஷன் திருந்திட்டாருன்னு நீ நம்புனது தப்பில்லை. இவளுக புருஷன்மாரையும் சேத்து எதுக்கு நம்புன?"

கல்லூரியில் மதுவிலக்கைப் பற்றிப் பேசி நான் பரிசு வாங்கியவன். அந்தப் பேச்சில் கடை இருந்தது, சர்க்கார் இருந்தது. விளக்கு வைத்த பிறகு ஒருத்தி எந்த வாசலுக்குப் போவாள் என்பது இல்லை. இதை எழுதும்போதும் ஒரு பயம் இருக்கிறது: சாராயக்கடையில் மரிய ஜோசப் செய்ததைத்தான் நானும் செய்கிறேனோ? செத்துப்போன வழியைத்தானே சொல்கிறேன் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். அத்தையும் எழுது என்றுதான் சொன்னாள். அவள் சரி சொன்னதால் எனக்கு முழு உரிமை வந்துவிட்டதா, தெரியவில்லை.

மரிய ஜோசப் இன்னும் குடிக்கிறார். அந்த நாட்களில் அத்தை மாட்டுக் கொட்டத்தில் இரண்டு காளைகளுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறாள். மாடு மிரளும் என்று அங்கே மட்டும் அவர் கை ஓங்குவதில்லை. யாருமே கூப்பிடவில்லையா, என் அம்மாகூடவா என்று கேட்டேன். எனக்குக் கோபமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"உங்க ஆத்தா மேல வருத்தப்படாதய்யா. இப்ப வேற ஏதோ ஒண்ணு வச்சிருக்காளுக. பொழுது சாயுற நேரம் எங்க தெரு மதலேனாள் உங்க வீட்டுப் பக்கம் போறா, கையில என்னமோ இருக்கு. நான் உத்துப் பாக்கல."

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். அவள் காளையின் கழுத்தைச் சொறிந்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அடிக்கிற அன்னைக்கு என்கிட்ட இருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. குடிக்காம வந்து பக்கத்துல உக்காந்து பிரியமாக் கேட்டாகன்னா, நான் சொல்லிருவேன். அதான் அவ வந்தா முகத்தைத் திருப்பிக்கிறேன்."