பேமாராம் தண்ணீர் குடிக்கும் ஊர்

ஊர் எல்லைக் கல்லுக்கு நாலடி முன்னால் ஒட்டகத்தை நிறுத்திவிடுகிறார் பேமாராம். சேணத்தில் தொங்கும் கேனை எடுத்து, அண்ணாந்து, தொண்டைக்குழி ஏறி இறங்க மடக் மடக்கென்று குடிக்கிறார். மீசையைத் துடைத்துக்கொண்டு கேனை இறுக மூடுகிறார். இனி அந்த ஊரின் மறுபக்கத்து எல்லையைத் தாண்டும்வரை அவர் பல்லில் தண்ணீர் படாது.

பெண் கொடுத்த ஊரில் தகப்பன் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்பது ராஜஸ்தானில் இந்த மார்வாட் பக்கத்து வழக்கம். மற்ற தகப்பன்களுக்கு இதில் பெரிய கஷ்டமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மகள் வீட்டுக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பேமாராமின் பிழைப்பு வேறு. வெளிநாட்டுப் பயணிகளை ஒட்டகத்தில் ஏற்றி, ஆறு நாளில் ஐந்து ஊர், மூன்று பழைய அரண்மனை காட்டிக் கூட்டிவருவது. சீசனில் மாதம் இரண்டு நடை. அந்த ஐந்து ஊரில் நாலு ஊரில் அவர் பெண் கொடுத்திருக்கிறார். நான் பயணிகளுக்கு மொழிபெயர்ப்பவன். பதினோரு வருஷமாக இந்த மனிதரின் தாகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துவருகிறேன்.

“வழிநெடுகக் கட்டிக் குடுத்துட்டு இப்படிக் காஞ்சு கெடக்கணுமா அண்ணே?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா நாலு பொண்ணு மொகத்தையும் பாக்குறேன். எந்த அப்பனுக்குடா கெடைக்கும்? ராஜாவுக்கே கெடைக்காது.”

ராஜா என்றதும் டாபுரா தாக்கூர் நினைவுக்கு வருகிறார். அவருடைய அரண்மனையில்தான் இரண்டாம் நாள் தங்கல். பயணிகளுக்கு வெள்ளித் தட்டில் ரோஜா சர்பத் வரும். பேமாராம் மட்டும் தூணோரம் கைகட்டி நிற்பார். அரண்மனைக்குப் பின் தெருவில் அவருடைய இரண்டாவது மகள் குடித்தனம் செய்கிறாள்.

“என் சர்பத்துக்கும் உன் சம்பந்தி வீட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்பார் தாக்கூர்.

“கிணறு ஒண்ணுதானே ஹுகும்.” ஹுகும் என்றால் இங்கே எஜமான்.

“இது ஃபில்டர் தண்ணிய்யா!”

“மோட்டார் எந்தக் கிணத்துலேர்ந்து இழுக்குது ஹுகும்?”

தாக்கூர் அந்த சர்பத்தையும் தானே குடித்துவிடுவார். ஒவ்வொரு நடையிலும் இந்த வழக்கு நடக்கும், ஒவ்வொரு தடவையும் தாக்கூர்தான் தோற்பார்.

பயணிகள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, இவர் ஏதோ யோக வித்தை தெரிந்தவர் என்று முடிவுகட்டுகிறார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த ஒருவர் தானும் அப்படியே இருந்து பார்ப்பதாகச் சபதம் எடுத்து, மூன்றாம் நாள் மத்தியானம் கருவேல மரத்தடியில் சுருண்டு விழுந்தார். நாங்கள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கையில் பேமாராம் என்னிடம் கேட்டார்: “இவருக்கு எத்தனை பொண்ணுன்னு கேளு.”

கேட்டேன். “ஒரே பையன்தானாம் அண்ணே.”

“அப்புறம் எதுக்கு இந்த ஆளு தண்ணியில்லாமக் கெடக்காரு?”

அவருடைய ஒட்டகம் பாதலுக்கு இந்த வழக்கமெல்லாம் கிடையாது. சம்பந்தி வீட்டுத் தொட்டியில் வாயை வைத்தால் உறிஞ்சுகிற சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். பேமாராம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “அதுக்கென்ன, பொண்ணா இருக்கு?”

மகள்கள் சமைத்ததை நான்தான் சாப்பிட வேண்டும். நாலாவது மகள் தாப்பி, நம்மூர்ப் போதும்பொண்ணு என்கிற மாதிரிப் பெயர், கம்பு ரொட்டியைத் தட்டி என் முன்னால் வைப்பாள். பேமாராம் எதிரே குந்தியிருந்து என் வாயையே பார்ப்பார்.

“நெய் விட்டாளா?”

“விட்டா.”

“எவ்வளவு?”

“கை நெறைய.”

“மெதுவா மென்னு தின்னுடா. மாடு மாதிரி முழுங்காத. உப்பு சரியா இருக்கா?”

கல்யாணமான பிறகு அவள் கைச் சமையலை அவர் ஒரு கவளம் தின்றதில்லை. நான் சொல்லித்தான் அவருக்கு ருசி தெரியும். அதனால் ரொட்டி கருகியிருந்தாலும் பிரமாதம் என்றுதான் சொல்வேன்.

ஐந்தாவது ஊர் மீட்டாசர். அந்த வட்டாரத்திலேயே உப்புக் கரிக்காத ஒரே கிணறு அங்கேதான். பயணிகள் இடிந்த அரண்மனையில் வௌவாலைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, பேமாராம் தன் பழைய சிநேகிதர் ஜோகாராம் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து நாலு நாள் பட்டினிக்கும் சேர்த்து வெளுத்துக்கட்டுவார். முப்பது வருஷப் பழக்கம்.

வினையும் அங்கேதான் வந்தது. தாப்பிக்குப் பிறகும் ஒரு பெண் பிறந்தாளே, அந்திமா, அவளைத் தன் மகன் கேவலுக்குக் கேட்டார் ஜோகாராம். பால் வண்டி ஓட்டுகிற பையன், பீடிகூடக் கிடையாது. அதே வாரம் பாலிப் பக்கத்திலிருந்தும் ஒரு சம்பந்தம் வந்தது. ரயிலில் ஏழு மணி நேரம், ஒட்டகம் போகாத திசை. அங்கே கொடுத்தால் மீட்டாசர்த் தண்ணீர் தப்பிக்கும், மகளை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம். இங்கே கொடுத்தால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பார்க்கலாம். ஆனால் வார்த்தை கொடுத்த நிமிஷத்திலிருந்து வழியில் அவருக்கென்று ஓர் ஊர் மிச்சமிருக்காது.

மூன்று நடை பதில் சொல்லாமல் இழுத்தடித்தார். நடைக்கு ஒரு குறை கண்டுபிடித்தார். “பையன் ரொம்பச் சிரிக்கிறான்” என்றார். “பால்ல தண்ணி கலக்குற கை” என்றார். கடைசியில் அந்திமாவே ஒரு நாள் என் எதிரில் கேட்டுவிட்டாள்: “எனக்கு மாப்பிள்ள தேடுறீங்களாப்பா, இல்ல உங்களுக்குக் கெணறு தேடுறீங்களா?”

பேமாராம் தலைப்பாகையை அவிழ்த்து, மறுபடி கட்டினார். எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

போன பங்குனி வெயிலில் மீட்டாசர் போய்ச் சேர்ந்தோம். முற்றத்தில் கட்டில் போட்டிருந்தது. கதவிடுக்கில் முக்காடு போட்ட தலைகள். தண்ணீர்ச் செம்போடு எதிரில் வந்து நின்றார் ஜோகாராம்.

“பேமா, இன்னிக்குத் தெரிஞ்சாகணும். ஒண்ணு வார்த்தையச் சொல்லு, இல்ல தண்ணியக் குடி.”

பேமாராம் செம்பை வாங்கினார். ஒரு நொடி அதற்குள் பார்த்தார். அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. கிணற்றடியில் நின்ற கேவலின் சிரிப்பு நான் பார்த்து முதல் தடவையாக மறைந்தது.

“இன்னொண்ணு” என்றார் பேமாராம்.

அதையும் குடித்தார். மூன்றாவதையும் குடித்தார். மோர் இருக்கிறதா என்று கேட்டு அரைப் பானையைக் காலி செய்தார். நேற்றைய ரொட்டி இரண்டு வாங்கி வெங்காயத்தோடு தின்றார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“எங்ககிட்ட என்னப்பா கொறை கண்ட?” என்று கேட்டார் ஜோகாராம்.

பேமாராம் நீளமாக ஒரு ஏப்பம் விட்டார். விரலிலிருந்த மோரை நக்கினார். அந்த வீட்டு அம்மாள், மனசு உடைந்தாலும் உபசாரம் குறையக் கூடாதென்று, இன்னொரு செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“போதும் சம்பந்தியம்மா” என்று, செம்பின் வாயை உள்ளங்கையால் மூடினார் பேமாராம்.