நம்பர் இல்லாத வண்டியும் ஆரோக்கியஜோசப் மாஸ்டரும்

சொந்த வீட்டுக்குள் நுழைய இண்டிகேட்டர் போட்டுக்கொண்டிருக்கிறார் ஆரோக்கியஜோசப் மாஸ்டர். தலத்தெருவில் எங்கள் சந்து ஒரு முட்டுச்சந்து. அவர் வீடுதான் கடைசி. அதற்கப்புறம் ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் வாழைக்கொல்லை. பின்னால் வர ஆளும் இல்லை, முன்னால் போக வழியும் இல்லை. ஆனாலும் ஸ்கூட்டரின் இடப்பக்க விளக்கு மினுக்மினுக்கென்று எரியும். கண்ணாடியைப் பார்ப்பார், அதை நம்பாமல் கழுத்தைத் திருப்பியும் ஒருமுறை பார்ப்பார். சந்தில் படுத்திருக்கும் நாய்க்குத்தான் இத்தனை மரியாதையும் போய்ச் சேர்கிறது. எதிர்வீட்டுக்காரன் என்பதால் எனக்கு இது தினசரிக் காட்சி.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் கற்றவர்கள், லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே கற்றதை மறந்தவர்கள். வயது அறுபதை நெருங்குகிறது. வெள்ளை அரைக்கைச் சட்டைப் பையில் லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் எந்தப் போலீஸ்காரரும் அவரை நிறுத்திக் கேட்டதில்லை. அதில் அவருக்கு உண்மையான வருத்தம் உண்டு. "ஒருத்தனாவது கேப்பானான்னு பாக்குறேன். மாஸ்டர் போறாரு, விடுங்குறானுவ" என்று என்னிடம் குறைபட்டிருக்கிறார். மாணவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம் கிளட்சும் கியரும் அல்ல. "பேப்பர் இல்லாத வண்டி வண்டியே இல்லைங்க, வெறும் இரும்பு" என்பதுதான் முதல் பாடம். அதைக் கேட்டுத் தலையாட்டிய பிறகே ஸ்டியரிங்கைத் தொட அனுமதி.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசலில் ஒருநாள் வெறும் இரும்பு ஒன்று வந்து இறங்கியது. இறக்கியவள் அவருடைய ஒரே மகள் ஜெமிமா. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். ஊரார் ரத்தத்தைச் சோதித்துச் சேர்த்த சம்பளத்தில், கோயம்புத்தூர்ப் பக்கம் மூடிவிட்ட ஒரு பந்தய மைதானத்திலிருந்து டர்ட் பைக் வாங்கி லாரியில் வரவழைத்திருந்தாள். சேற்றிலும் மேட்டிலும் தாவுவதற்கென்றே செய்த வண்டி. ஒட்டகம் மாதிரி உயரம், கட்டைகட்டையாகப் பல் வைத்த டயர். விளக்கு, ஹாரன், கண்ணாடி, பின்சீட் எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம்பர் கிடையாது. விற்றவர் கொடுத்த ரசீதிலேயே 'சாலையில் ஓட்டுவதற்கு அல்ல' என்று அச்சிட்டிருந்தது. மாஸ்டர் அந்த வரியை மூக்குக்கண்ணாடி போட்டும் படித்தார், கழற்றிவிட்டும் படித்தார்.

"என்ன பாப்பா இது?"

"பைக்குப்பா."

"இது பைக்குன்னு யாரு சொன்னா?"

"ஓட்டிப் பாத்தேன். அதுவே சொல்லுச்சு."

வாசலிலேயே ஒப்பந்தம் முடிந்தது. நம்பர் வரும்வரை வண்டியை யாரும் கிளப்பக் கூடாது. வேளாங்கண்ணியில் கொடி ஏறுவதற்குள் நம்பர் வாங்கித் தருவது அப்பாவின் பொறுப்பு. வாங்க முடியாவிட்டால் வண்டியை விற்றுவிட வேண்டும். "மாஸ்டர் வீட்டுலயே நம்பர் இல்லாத வண்டி நிக்கிதுன்னு ஒரு பேச்சு வரக் கூடாது பாப்பா. வித்துருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். ஜெமிமா சரி என்றாள். அந்தப் பெண்ணுக்கு நகை ஆசை கிடையாது, ஊர் சுற்றும் ஆசை கிடையாது. இந்த ஒரு வண்டிக்காக வருஷக்கணக்காகச் சீட்டுக் கட்டியவள். விற்றுவிட்டால் மறுபடி வாங்கமாட்டாள் என்பது எனக்கே தெரிந்தது. ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கிறவர் சொந்த மகளுக்கு ஒரு நம்பர் வாங்கித் தரமாட்டாரா என்று அவள் நம்பினாள். பாவம்.

மறுநாளே வண்டி காஜா நஜ்முதீனின் பட்டறைக்குத் தள்ளிச் செல்லப்பட்டது. மாஸ்டரின் கையில் மோட்டார் வாகன விதிகள், காஜாவின் கையில் ஸ்பானர். முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன், இரண்டு பக்கமும் கண்ணாடி, சிவப்பு ரிஃப்ளெக்டர் என்று வரிசையாக ஏறின. அதுவரைக்கும் வண்டி தாங்கிக்கொண்டது. அடுத்து மாஸ்டர் சாரி கார்டு கேட்டார்.

"அது எதுக்கு மாஸ்டர் இதுக்கு?" என்றார் காஜா.

"சட்டத்துல இருக்குங்க. பின்னாடி உக்கார்றவங்க சேலை சக்கரத்துல மாட்டிக்கக் கூடாது."

"பின்னாடி உக்கார சீட்டே இல்லியே."

"அப்ப சீட்டு வைங்க."

இப்படியாக, சாரி கார்டுக்காகச் சீட்டு வந்தது. சீட்டில் உட்காருகிறவர் விழாமல் இருக்கக் கைப்பிடி வந்தது. காலைத் தொங்கப்போடக் கூடாது என்பதால் கால் வைக்கும் கட்டை வந்தது. மலையைத் தாண்டப் பிறந்த வண்டி, மாமியாரைக் கோயிலுக்கு அழைத்துப் போகத் தயாராகிவிட்டது. மாஸ்டரின் மனைவி கிறிஸ்டி அக்கா மட்டும், "இப்பதான் பாக்க ஒரு லட்சணமா இருக்கு" என்றார். ஜெமிமா வந்து பார்த்தாள். சாரி கார்டை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். "அப்பா, நம்பர் வந்தா போதும்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"வந்துரும், இன்ஷா அல்லாஹ்" என்றார் காஜா. "வராட்டி என்ன, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவோம்."

நம்பர் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. அதை ஓட்டுவதற்குத்தான் நம்பர். நம்பர் வாங்க வேண்டுமானால் வண்டியை அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மாஸ்டர் இந்தச் சிக்கலுக்கெல்லாம் அசருகிறவர் அல்ல. ஒரு குட்டி யானை மினி லாரியை வாடகைக்குப் பிடித்து அதில் வண்டியை ஏற்றிக் கயிற்றால் கட்டினார். உள்ளூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பாண்டியிலதான் கேக்கணும் மாஸ்டர்" என்றார்கள். இது எங்களுக்குப் புதிதல்ல. காரைக்காலில் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் பாண்டிச்சேரியில்தான் இருக்கும், நடுவில் தமிழ்நாடு இருக்கும். மாஸ்டர் குட்டி யானையில் டிரைவருக்குப் பக்கத்தில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்து கிளம்பினார். துணைக்கு நானும் ஒட்டிக்கொண்டேன்.

எல்லையில் தமிழ்நாட்டுப் போலீஸ் நிறுத்தியது. காரைக்காலிலிருந்து போகும் எந்த வண்டியைப் பார்த்தாலும் அவர்களுக்குப் பிராந்தி பாட்டில் சத்தம் கேட்கும். ஒரு காவலர் மேலே ஏறி டர்ட் பைக்கின் டேங்கைத் தட்டிப் பார்த்தார், மூடியைத் திறந்து முகர்ந்தார், பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு ஏமாற்றம். இறங்கிவந்து மாஸ்டரைப் பார்த்து, "பேப்பரக் காட்டுங்க" என்றார். ஆயுள் முழுக்க மாஸ்டர் காத்திருந்த வார்த்தை. முகம் மலர்ந்து, சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை உருவி நீட்டினார்.

"இது ஸ்கூட்டரு பேப்பருங்க. மேல இருக்குறதுக்குக் கேக்குறேன்."

நீட்டிய உறையை மாஸ்டர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். குட்டி யானை டிரைவர்தான், "அது வண்டி இல்ல சார், சரக்கு" என்று சொல்லிக் காப்பாற்றினார்.

பாண்டிச்சேரியில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். எழுந்துவந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். சாரி கார்டின் அருகே கொஞ்சம் அதிகநேரம் நின்றார்.

"எல்லாம் பிரமாதமா மாட்டியிருக்கீங்க மாஸ்டர். அதுதான் இப்பப் பிரச்சினை" என்றார். "ரோட்டுல ஓட்டணும்னா இந்த மாடல கம்பெனிக்காரன் சோதனைக்கு அனுப்பி, சான்று வாங்கியிருக்கணும். அவன் வாங்கவே இல்ல. கம்ப்யூட்டர்ல இந்த மாடல் பேரே இல்லைங்க, நான் எதைத் தட்டுறது? சும்மா கொண்டாந்திருந்தா, இது ரோட்டு வண்டி இல்லன்னு சொல்லி அனுப்பியிருப்பேன். இப்ப நீங்களே பாகமெல்லாம் மாட்டி, ரோட்டு வண்டியாவும் இல்லாம பந்தய வண்டியாவும் இல்லாம ஆக்கி வெச்சிருக்கீங்க. வண்டியில இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். புத்தகத்தில் சாரி கார்டுக்கான பக்கத்தைக் கண்டுபிடித்தவர், இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் கெஞ்சியிருப்பார்கள், தெரிந்த பெரிய மனிதர் பெயரைச் சொல்லியிருப்பார்கள், டிபன் வாங்கித் தருகிறேன் என்றாவது சொல்லியிருப்பார்கள். மாஸ்டர், "நீங்க சொல்றதுதாங்க சரி" என்று எழுந்து கும்பிட்டார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. சட்டம் தெரிந்தவனைப் போல ஏமாளி உலகத்தில் இல்லை என்று திரும்பிவரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

ஈ.சி.ஆரில் காவி கட்டிய கூட்டம் வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த வாரம் அது. கொடி ஏறியது. ஜெமிமா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு, "வித்துருங்கப்பா. பேசின பேச்சு" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் வாசலில் 'டர்ட் பைக் விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டினார். சொன்ன சொல் தவறாதவர்.

முதலில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். பிடித்துப்போனது, முன்பணமும் கொண்டுவந்திருந்தான். "எங்க ஓட்டுவீங்க தம்பி?" என்று கேட்டார் மாஸ்டர். "ரோட்டுலதான் சார்" என்றான். "நம்பர் இல்லாத வண்டிய ரோட்டுல ஓட்டுறவங்களுக்கு வித்தா, நான் குத்தத்துக்கு உடந்தைங்க. போயிட்டு வாங்க." அடுத்து வந்தவர் விவரமானவர். ரோட்டில் ஓட்டமாட்டேன், யூடியூபில் வீடியோ போடத்தான் என்றார். மாஸ்டர் அவரிடம் லைசென்ஸ் கேட்டார், இருந்தது. இன்ஷூரன்ஸ் கேட்டார், இருந்தது. "ஹெல்மெட் எங்கங்க? தலையில ஒண்ணும் இல்லாம நாகூர்லேருந்து வந்திருக்கீங்க. உங்களுக்கு எப்படி வண்டி குடுக்குறது?" அவரும் போனார். மூன்றாவதாகச் சொந்தத் தோப்பும் ஹெல்மெட்டும் உள்ள ஒருவர் வந்தார். மாஸ்டர் ஒரு நிமிஷம் கலங்கித்தான் போனார். பிறகு சந்து முனையில் வந்தவர் கார் நிறுத்தியிருந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நோ பார்க்கிங்ல நிறுத்தியிருக்கீங்க" என்றார்.

"விக்கிற எண்ணம் இருக்கா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? சட்டப்படி ஓட்டுற ஆளு வந்தா இந்த நிமிஷமே குடுத்துருவேன்." முகத்தில் ஒரு சிரிப்பு கிடையாது. உள்ளேயிருந்து ஜெமிமா அந்தத் தோப்புக்காரருக்காகப் போட்ட டீயை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு நிறையவே இருந்தது.

தை அறுவடை முடிந்தது. சுரக்குடியில் மாஸ்டரின் மைத்துனர் மரியமுத்துவுக்கு நிலம் இருக்கிறது. அறுத்த நெல்லின் தாள்கட்டை நிற்கும் வெறும் வயல், நடுநடுவே வரப்பு. "தனி ஆளு நிலத்துல ஓட்ட நம்பர் தேவையில்லைங்க" என்று மாஸ்டர் ஒருநாள் தானாகவே என்னிடம் சொன்னார். மறுநாள் காஜா எல்லாவற்றையும் கழற்றினார். மாட்டியபோது இருந்த அதே உற்சாகம், அதே கூலி.

வயல் சரி, வயலுக்குப் போகிற ரோடு? குட்டி யானைக்கு வாரா வாரம் வாடகை கொடுக்க மாஸ்டரால் ஆகாது. ஓட்டினால்தான் குற்றம், தள்ளினால் குற்றமில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பூசைக்குப் போட்ட சட்டையோடு, தலத்தெருவிலிருந்து சுரக்குடி வரைக்கும் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். ஜெமிமா தள்ளுகிறேன் என்றால் விடமாட்டார். அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறாள்.

போன ஞாயிறு வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். திருநள்ளாறு தாண்டும்போது ஒரு போக்குவரத்துக் காவலர், பழைய மாணவர், ஓடிவந்தார். "வண்டி ரிப்பேரா மாஸ்டர்? ஆள் வரச் சொல்லவா?"

"ரிப்பேர் இல்லைங்க, நல்லா ஓடும். அதனாலதான் தள்ளுறேன்."

சுரக்குடி போய்ச் சேர்ந்தபோது மாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேச மூச்சு இல்லை. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் வண்டியை மகளிடம் ஒப்படைத்தார். ஹெல்மெட்டின் வாரைத் தானே இழுத்துப் பார்த்தார். "ம்" என்றார். ஜெமிமா ஒரே உதையில் கிளப்பினாள். கொக்குகள் எழுந்து பறந்தன. வயலை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நடுவில் இருந்த பெரிய வரப்பைப் பார்த்து வண்டியைத் திருப்பினாள், வேகத்தைக் கூட்டினாள்.

பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் கொஞ்சம் வேகம் எடுத்தாலும் அதை மிதித்து நிறுத்திவிடுவார், அதுதான் அவர் தொழில். வரப்பை நோக்கி வண்டி வரவர, என் பக்கத்தில் நின்ற மாஸ்டரின் வலது கால் செருப்போடு மண்ணை அழுத்த ஆரம்பித்தது. குதிகால் புதைகிற அளவுக்கு அழுத்தினார். வண்டி வரப்பில் ஏறி, இரண்டு சக்கரமும் தரையை விட்டன. மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகத் தூக்கி, ஓரடி பின்னால் வைத்துக்கொண்டார்.