எண்ணெய்த் தலையோடு என் மாமனார்

மீஞ்சூரிலிருந்து என் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தனுப்பிய செம்பு பாய்லரைத் திருவள்ளூரில் என் புகுந்த வீட்டார் கோயில் தேரைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஐம்பதுகளில் எங்கள் தெருவிலேயே அது ஒன்றுதான். நடுக்குழாயில் கரி போட்டுப் பற்றவைத்தால் சுற்றியுள்ள தண்ணீர் சுட்டுவிடும். கீழே குழாயைத் திருகிப் பிடித்துக்கொள்ளலாம். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மாமியாரின் பித்தளைத் தவலை பரணுக்குப் போனது. அவருக்கு அது பொறுக்கவில்லை.

"ஒரு தபா ஒழுகட்டும். உன் பாய்லரு மேல போவும், என் தவலை கீழ வரும்" என்றார்.

ஒழுகாமல் இருக்க, காலியாகக் கொளுத்தக் கூடாது. உள்ளே இருக்கும் ஈயப்பற்று உருகிவிடும். அதனால் நானே ஒரு சட்டம் போட்டேன்: ஒரு வாளி எடுத்தவர் ஒரு வாளி ஊற்ற வேண்டும். யார் குளித்துவிட்டு வந்தாலும் "ஊத்தினீங்களா?" என்று கேட்பேன். மாமனாரைக்கூட விடவில்லை. வந்து ஆறு மாதம் ஆகாத மருமகளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

அந்தச் சனிக்கிழமை மாமனார் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கரி போட்டுக் கொளுத்தினேன். சற்று நேரத்தில் பாய்லர் முனக ஆரம்பிக்கும். அன்று முனகவில்லை; தீய்ந்த வாடைதான் வந்தது. தட்டிப் பார்த்தேன். காலிக் குடம்போல் சத்தம். பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை மேலே கவிழ்த்தேன். புஸ்ஸென்று ஆவி கிளம்ப, சாம்பலும் தண்ணீருமாக அடியில் ஒழுகிக் கொல்லையெல்லாம் கறுப்பாக ஓடியது.

முதல் நாள் வெள்ளிக்கிழமை, பெண்கள் தலைக்குக் குளிக்கும் நாள். கடைசியாகக் குளித்தவள் நான். இடுப்புவரை முடி, வாளி வாளியாக எடுத்துவிட்டு, சாம்பிராணி போட உட்கார்ந்தவள் ஊற்ற மறந்தே போனேன். அந்த நொடியே அது எனக்கு நினைவு வந்துவிட்டது. ஆனால் மாமியார் ஓடிவந்து "இன்னா ஆச்சு?" என்றதும் என் வாயில் வந்தது வேறு.

"மாமா தண்ணி ஊத்தாம உட்டுட்டாரு போல."

மாமனார் எண்ணெய் வழியும் முகத்தோடு என்னை ஒரு பார்வை பார்த்தார். "மறந்துட்டேனோ இன்னாவோ" என்றார். மாமியார் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு தலபாடா அடிச்சிக்குது. ஒரு வாளி ஊத்த உங்களுக்குக் கை நோவுதா?" திட்டிக்கொண்டே தவலையை இறக்கி விறகடுப்பில் ஏற்றினார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஈயம் பூசும் பாயின் குரல் கேட்டது. கூப்பிட்டோம். பாய் உள்ளே எட்டிப் பார்த்ததுமே, "காலியா கொளுத்திக்கிறாங்கோ. யாரு பார்த்த வேலை?" என்றார். மாமியார் கணவரைக் கைகாட்டினார்.

"இன்னா பெரியவரே, எண்ண தேச்சா புத்தியும் வழுக்கிக்குமா?"

மாமனார் சிரித்தார். எண்ணெய் இறங்கிக் கண் சிவந்திருந்தது. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. வெட்கமும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன.

"நான்தான் பாய். நேத்து நான்தான் ஊத்தல. மாமா மேல பொய் சொல்லிட்டேன்."

மாமியார் ஊதுகுழலும் கையுமாக அப்படியே நின்றார். பாய் துருத்தியைச் சரிசெய்வதில் மும்முரமானார்.

"தெரியும்மா" என்றார் மாமனார். "நான் வெந்நீரப் பாக்கறதே சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. மத்த நாள்ல கெணத்தடிதான். போன வாரம் நான் ஊத்தாம உட்டிருந்தா, நேத்து நீ எதுல குளிச்சே?"

"அப்புறம் ஏன் மாமா ஒத்துக்கினீங்க?"

"உங்க அத்தைகிட்ட திட்டு வாங்கி எனக்கு முப்பது வருசப் பழக்கம். உனக்கு ஆறு மாசம்கூட ஆவலையே."

நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். மாமியார் சிரிக்கவில்லை. என்னையும் பாய்லரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாயிடம் திரும்பினார்.

"ஈயப்பத்து கெட்டியா வையி பாய். பரண்ல என் தவலைக்குத்தான் எடம் கீது."