ஒரே முகத்துக்குக் கிடைத்த பரிசு

காஜா பேராங் வட்டாரத்தில் சினிமாக் கொட்டகைக்கு விளம்பரத் தட்டி வரைந்த அந்த ஒல்லி மனிதர், காதில் தூரிகையைச் செருகிக்கொண்டு நடுரோடு வரை பின்னோக்கியே நடந்துபோய்த் தன் ஓவியத்தைப் பார்ப்பார். கதாநாயகன், வில்லன் எல்லாருக்கும் ஒரே முகம். “இன்னொரு தடவை இப்படி வரைஞ்சா வேலை கிடையாது” என்று முதலாளி எச்சரித்திருந்தார்.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் கூட்டத்தை வரைந்து அவர் தபாலில் அனுப்பிய படம் வெளிநாட்டு ஓவியப் போட்டியில் பரிசு வென்றது. இங்கிலீஷ் படித்த நான்தான் பரிசுக் கடிதத்தை வாசித்துச் சொன்னேன்: புதிய நாட்டின் ஒற்றுமையை ஒரே முகத்தில் காட்டிவிட்டாராம்.

“அப்படியா நெனச்சு வரைஞ்சீங்க, அண்ணே?”

“எனக்கு அந்த ஒரு மூஞ்சிதான் வரும்லா, தம்பி. வெளியில சொல்லிடாதே.”

மறுவாரம் முதலாளியே தன்னை வரையச் சொல்லி வந்து உட்கார்ந்தார். தட்டியில் அதே கதாநாயகன் முகம்தான் வந்தது. முதலாளி வெகுநேரம் பார்த்தார்.

“அச்சு அசல் நானேதான்!”

அண்ணன் என் பக்கம் திரும்பவேயில்லை. தட்டியைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்து ரோட்டுக்குப் போய்விட்டார்.