முதுகுகளை மட்டும் பார்த்தவர்

அன்று காலை, சிவகாசியில் எங்கள் அச்சகத்தில், ஆடிப்பெருக்குக்கு வெளியிட வேண்டிய காலண்டர் ஆல்பத்தின் அட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு ஒரு நூலளவு விலகியிருந்தது. மிஷினை நிறுத்தும்படி கை காட்டிவிட்டுத்தான் தொலைபேசியை எடுத்தேன். விருதுநகரிலிருந்து காஜா பாயின் மகன்.

"பெரியம்மா, அத்தா மௌத்தாயிட்டாக. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

மிஷின் நின்ற அமைதியில் அவன் குரல் அறை முழுவதும் கேட்டது. எங்கள் ஃபோர்மேன் சுந்தரராஜ் மை துடைக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம பாயாம்மா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். அன்று சிவப்பைச் சரிசெய்ய என்னால் முடியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் அச்சுத் தாளைப் பார்க்கத் தொடங்கிய எனக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை.

விருதுநகர் பஜாரிலும் சிவகாசி அச்சகங்களிலும் காஜா மைதீன் பாயைக் காகித ஏஜென்டாகத்தான் எல்லோரும் அறிவீர்கள். லோடு வந்து இறங்கும்போது கட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, ஈரம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பட்டாளத்தில் இருந்தவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கடையைப் பூட்டிவிட்டு அவர் எங்கே போனார் என்பதைச் சிலரே அக்கறையாகக் கேட்டிருப்பீர்கள். வடக்கே இமயமலையில் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும். சரிவின் உச்சியில் ஒரு மரக்குடிசை. வீரர்கள் ஒவ்வொருவராக அதற்குள் வந்து நிற்க, நேரத்தை எண்ணி அவர்களைக் கிளப்பிவிடுபவர் எங்கள் காஜா பாய்.

பட்டாளத்தில் இருந்தபோது பனிச்சறுக்கு கற்றவர். முழங்கால் முறிந்ததால் பந்தயத்தில் ஓட முடியாமல் போயிற்று. அந்தக் குடிசை வேலையைக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவரை அழைத்தார்கள், அவரும் போனார். சம்பளம் கிடையாது. அவர் மனைவி ஜைனம்பு சிரிக்காமல் சொல்வார்: "மத்தவுகளுக்குக் கைநெறயக் காசு குடுத்தாலும் அந்தக் குளிருல நிக்க மாட்டாக. இந்த மனுசன் ரயிலுக்குத் தன் காசக் குடுத்துட்டுப் போயி நிக்கிறாக."

என் கணவர் இருந்த காலத்தில் பாய் வந்தால் அச்சகத்தில் அரை நாள் வேலை கெடும். பனிச்சறுக்குக் கட்டையின் அடியில் மெழுகைத் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் உருக்கித் தடவுவார்களாம். அதற்கென்றே ஆட்கள் விடியுமுன் எழுந்து, பனியைக் கையால் அள்ளிப் பார்த்து, எந்த மெழுகு என்று முடிவு செய்வார்களாம். வேறு சிலர் சரிவு முழுவதையும் பக்கவாட்டில் நடந்து நடந்து மிதித்துக் கெட்டியாக்குவார்களாம். கொடிக்கம்புகளுக்கு அருகில் நாள் முழுக்க அசையாமல் நின்று, யார் கம்பைத் தவறவிட்டார்கள் என்று பார்ப்பவர்களும் உண்டாம். இதையெல்லாம் பாய் நின்றுகொண்டுதான் சொல்வார். பந்தயத்துக்கு முன் வீரர்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை இடமும் வலமுமாக வளைத்து, வழியை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பதை எங்கள் முற்றத்தில் செய்து காட்டுவார். காகிதம் இறக்க வந்த லோடுமேன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

எனக்கு அது பிடிக்காது. வரிசை கோணினால் மறுபடி முதலிலிருந்து நிற்கவைக்கும் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். வேலை நேரத்தில் பேச்சு எதற்கு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு காபியை நீட்டுவேன். பாய் அதைக் கவனிக்காதவர்போல வாங்கிக்கொண்டு, "மதினி கோவமா இருந்தா காபி இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கு" என்பார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் என் கணவர் திடீரென்று காலமானார். அச்சகம் பூட்டிக் கிடந்தது. அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வைத்திருக்கும் என் கொழுந்தனார் மிஷினை விற்றுவிடலாம் என்றார். கெட்ட எண்ணம் இல்லை. பெண்பிள்ளை ஒருத்தியால் சீசன் நேரத்து ஆர்டர்களைச் சமாளிக்க முடியாது என்று அவர் உண்மையாகவே நம்பினார். நான் முடியும் என்றேன். பேச்சு நீண்ட ஒரு மாலையில் காஜா பாய் உள்ளே வந்தார்.

"பந்தயத்துக்கு நம்பர் சட்டை வேணுமாம். நெஞ்சுலயும் முதுகுலயும் நம்பர் போட்டு, மேல மாட்டிக்கிற கையில்லாத சட்ட. போன வருசம் அடிச்சது பனியில நனஞ்சு சாயம் போயிருச்சு. ஊருக்கே அடிச்சுக் குடுக்கிற ஊரு எங்க ஊருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மதினிதான் அடிச்சுக் குடுக்கணும்."

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். "சரி மதினி. இந்த ஒரு ஆர்டர முடிச்சுக் காட்டுங்க. ஒரு கொறை வந்துச்சுன்னாலும் மிஷினக் குடுத்துருவோம். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தடுக்கவில்லை.

எங்கள் ஊரில் எல்லாம் வெயிலை நம்பி நடக்கிறது. மையும் அப்படித்தான், அடித்த கையோடு காய்ந்துவிடும். பனியில் அது என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பாய் ஒரு மாதிரிச் சட்டையை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, ஐஸ் ஃபாக்டரிக்குப் போனார். பாளம் பாளமாக அடுக்கியிருந்த ஐஸுக்கு நடுவில் அதைச் செருகினார்.

"என்ன பாய், சட்டைக்குக் காய்ச்சலா?" என்று அங்கே வேலை செய்தவர்கள் கேட்டார்கள்.

"ஆமா, கொள்ளக் காய்ச்சலு. எறங்குனாத்தான் பள்ளிக்கூடம் போகும்."

வெளியே எடுத்தபோது எண் அப்பளம்போல உதிர்ந்தது. பாய் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஐஸ் ஃபாக்டரியிலயே கொட்டுனது நல்லதாப் போச்சு. மலையில கொட்டல பாருங்க" என்றார். பிறகு சுந்தரராஜ் பனியனுக்கு அடிக்கும் ரப்பர் மையைக் கொண்டு முயன்றார். அது நின்றது. கேட்ட எண்ணிக்கைக்கு மேலும் சில எண்களைக் கடைசியில் அடித்து வைக்கச் சொன்னேன். எது கிழியும், எது தொலையும் என்று யார் கண்டது? ஒவ்வொரு சட்டையையும் நானே விரித்துப் பார்த்து, மடித்து, வரிசைப்படி அடுக்கினேன். பார்சல் கட்டிய நாளில் மட்டும் நான் அங்கே இல்லை. அச்சகத்தை என் பெயருக்கு மாற்றுவதற்காகச் சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் காத்திருந்தேன். பார்சலைப் பாய் தன்னோடு ரயிலில் கொண்டு போனார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மலையிலிருந்து அவர் தொலைபேசியில் அழைத்தார். கொழுந்தனாரும் அப்போது அச்சகத்தில் இருந்தார்.

"மதினி, எல்லாம் பாத்துட்டேன். ரொம்ப நல்லா இருக்கு. ஒன்னாம் நம்பர மட்டும் காணோம்."

"இருக்க முடியாது பாய். நானே அடுக்கினேன்."

"ரெண்டுல இருந்துதான் இருக்கு."

சுந்தரராஜைக் கூப்பிட்டேன். அவர் கை தானாகப் பூஜை மாடத்தைக் காட்டியது. அச்சகம் வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்தப் புது ஆர்டராக இருந்தாலும் முதல் தாளுக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சாமி முன்னால் வைத்துவிடுவோம். லேபிளிலும் காலண்டரிலும் ஒரு தாள் குறைந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் நம்பர் சட்டையில் ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு சட்டைதான். முதலில் அடித்தது ஒன்று. பார்சல் கட்டிய நாளில் சுந்தரராஜ் வழக்கப்படி அதை எடுத்து, மஞ்சள் தடவி மாடத்தில் வைத்துவிட்டார். மடித்து வைத்த அந்த வெள்ளைத் துணிக்கு முன்னால்தான் பார்சல் பத்திரமாய்ப் போய்ச் சேர வேண்டும் என்று நான் தினமும் விளக்கேற்றியிருக்கிறேன்.

கொழுந்தனார் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "ரயில்ல தொலஞ்சு போச்சுன்னு பாயச் சொல்லச் சொல்லுங்க மதினி. நம்ம பேரு கெட வேண்டாம்." ஆர்டர் கெட்டால் மிஷின் விற்பனைக்குப் போகும், அவர் விரும்பியதும் அதுதான். அப்படிப்பட்டவர் அப்படிச் சொன்னதை இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

ஆனால் நான் வாயைத் திறக்குமுன் பாயின் குரல் கேட்டது. அவருக்குக் காது கூர்மை. "அது வேண்டாம். நாளைக்கு அந்தக் குடிசையில நின்னு நான் எண்ணுனா அம்புட்டுப் பேரும் நம்பணும். இன்னைக்குப் பொய் சொல்லிட்டு நாளைக்கு எப்படி எண்ணுறது? நடந்ததச் சொல்லிருவோம் மதினி."

"நடந்ததையே சொல்லுங்க, பாய். நம்ம அச்சகத்தோட பேரையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றேன்.

அன்றிரவு கொழுந்தனாரிடம், "குறை வந்துவிட்டது. சொன்ன சொல் சொன்னதுதான். மிஷினுக்கு ஆள் பாருங்கள்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் பாய் அழைத்தபோது அவர் குரலுக்குப் பின்னால் ஒரே கூச்சல். பந்தயம் முடிந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலக் கூட்டத்தில்தான் யாருக்கு எந்த எண் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்களாம். குலுக்கும் முன் பாய் எழுந்து நின்று, ஒன்றாம் எண் சிவகாசியில் சாமி மாடத்தில் இருக்கிறது, அது எங்கள் வழக்கத்தால் வந்த தவறு என்று சொல்லியிருக்கிறார். சிலர் சிரித்தார்கள். சரிவை மிதித்துக் கெட்டியாக்கும் ஆட்களுக்குத் தலைவரான ஒரு மலைக்கிழவர் சிரிக்கவில்லை. தங்கள் ஊரிலும் மலைத்தாய்க்கு ஒரு பிடி அரிசி போடாமல் யாரும் முதலில் சறுக்க மாட்டார்கள், அந்த எண் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்றாராம். இரண்டிலிருந்து குலுக்கினார்கள். கூடுதலாக அடித்துப்போட்ட கடைசி எண்கள் இருந்ததால் யாருக்கும் சட்டை குறையவில்லை.

"மொத ஆளா ரெண்டாம் நம்பருல ஒரு பிள்ள கெளம்புச்சு மதினி. மலையூருப் பிள்ள, மொதப் பந்தயம். நம்பர் அப்படியே பளபளன்னு இருந்துச்சு, ஒரு பொட்டுக்கூட உதிரல. அடுத்த வருசமும் ஆர்டர் ஒங்களுக்குத்தானாம். ஒரு கண்டிசன். ஒன்னாம் நம்பர அடிச்சு அங்கனயே வச்சிரணுமாம்."

அன்றும் அச்சகத்துக்கு வந்திருந்த கொழுந்தனாரிடம் தொலைபேசியை நீட்டினேன். அவர் எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். "கொறைன்னு வாங்குனவுக சொல்லலையே மதினி. நாம எதுக்குச் சொல்லணும்?" என்றவர், பாயிடம், "சரி, அந்தப் பிள்ள ஜெயிச்சுச்சா?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் மேல நிக்கேன். எனக்கு எல்லாரு முதுகுந்தான் தெரியும். என் கண்ணுக்கு எல்லாரும் நல்லாத்தான் கெளம்புனாக!"

அதன்பின் மிஷின் விற்பதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் புது மிஷின் வாங்கினேன். ஓட்டத் தொடங்கும் நாளில் பாய் வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டேன், வாசலிலேயே நின்றுகொண்டார். காரணம் கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "குடிசைக்குள்ள வர்ற பிள்ளைக நடுங்கும். காலரச் சரிபண்ணி விடலாம், நாடாவ முடிஞ்சு விடலாம். 'பத்து செகண்டு'ன்னு சொன்னதுக்கு அப்புறம் தொடக் கூடாது மதினி. அதான் சட்டம். தொட்டா அது அவுக ஓட்டம் இல்ல." நான் பொத்தானை அழுத்தினேன். முதல் தாள் சரியாக விழுந்தது. வாசலைப் பார்த்தபோது அவர் தன் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

நுரையீரல் ஒத்துழைக்காததால் கடைசி இரண்டு குளிர்காலங்களில் அவரால் மலைக்குப் போக முடியவில்லை. பார்க்கப் போனால் உடம்பைப் பற்றிப் பேச விடமாட்டார். "ரெண்டாம் நம்பரு யாருக்கு விழுந்துச்சாம்?" என்றுதான் கேட்பார்.

அடக்கம் முடிந்த பிறகு ஜைனம்புவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் போனபோது அவர் அப்படித்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வருசா வருசம் வாங்க வாங்கன்னு கூப்பிட்டாக. குளிருன்னு ஒரு தடவகூடப் போகல. அந்த மனுசன் அங்கன நின்னு என்னதான் பாத்தாகன்னு தெரியணும் மதினி."

கணவர் போனபின் வீட்டிலேயே இருக்கும் நாலு மாதம் பத்து நாள், அவருடைய இத்தா, முடிவதற்கும் பனி விழுவதற்கும் சரியாக இருக்கும். இந்த வருடம் பார்சலை நானே கொண்டு போகிறேன். ஜைனம்பு என்னோடு வருகிறார். இருவருக்கும் கம்பளிச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. என் கொழுந்தனார் டிக்கெட் எடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் சறுக்கிராதீக" என்றார்.

காஜா பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, மாடத்தில் வருடத்துக்கொன்றாய் அடுக்கியிருக்கும், மஞ்சள் படிந்த ஒன்றாம் எண்கள்; இந்த வருடத்தினதும் அங்கேதான் இருக்கும். மற்றது, கையை எப்போது எடுக்க வேண்டும் என்பது. இப்போதெல்லாம் சுந்தரராஜ் அச்சுத் தாளைப் பார்க்கும்போது நான் பக்கத்தில் போய் நிற்பதில்லை. சிவப்பு விலகினால் அவரே நிறுத்துகிறார்.

நாங்கள் மேலே குடிசைக்குப் போகப்போவதில்லை. கீழே, ஓட்டம் முடியும் கோட்டுக்கு அருகில் நிற்கப்போகிறோம். எத்தனையோ வருடங்களாக அவர் அனுப்பிவைத்தவர்கள் வந்து சேரும் இடம் அது. அவர் பார்க்காத முகங்களை நாங்கள் பார்த்துவிட்டு வருகிறோம்.